பெருமூச்சுக்கு விகுதி இல்லை

உலகத்தில் இதுவரை நடந்த யுத்தங்களுக்கெல்லாம் காரணம் மண்ணாசையும் அல்ல, பொன்னாசையும் அல்ல, வினைச்சொல்தான் என்று காஸ்பர் மாஸ்டர் கண்டுபிடித்திருந்தார். ஒரு தேசம் 'செய்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வதை இன்னொரு தேசம் 'செய்து முடித்துவிட்டேன்' என்று எடுத்துக்கொள்கிறது, உடனே பீரங்கி. ஆகவே, ஒரு வினை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் மொழியொன்றை மனிதகுலத்துக்குக் கொடுத்துவிட்டால், பீரங்கிகளை உருக்கி மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தித் தண்டு செய்துகொள்ளலாம். அப்படி ஒரு மொழியை அவரே உண்டாக்கியும் வைத்திருந்தார். அதன் பெயர் மொந்தாலா. அந்த 1946-ஆம் வருஷத்தில் அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொருவர் வலியுல்லா முன்ஷி. காஸ்பர் மாஸ்டர் சாந்தோமில், கடல் உப்பு ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டிருந்த ஒரு வீட்டில் இருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முன்ஷிக்கு வீடு கச்சேரி ரோட்டில், மசூதிக்குப் பின்னால். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். லத்தீனும் பாரசீகமும் யாருக்கும் வேண்டியிராத காலத்தில் இரண்டையும் சுமந்துகொண்டு, இருவரும் வருஷக்கணக்காக ஒரே ட்ராமில் வேலைக்குப் போனார்கள். மொந்தாலா அந்த ட்ராமில்தான் பிறந்தது. காப்பி குடிக்கத் தொடங்கியவனுக்கு ஒரு விகுதி, குடித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்று, குடித்து முடித்தவனுக்கு ஒன்று, முடித்தும் நாக்கில் கசப்பு நிற்பவனுக்கு ஒன்று, தினமும் குடிப்பவனுக்கு ஒன்று, குடிக்கப் போய்ச் சர்க்கரை இல்லையென்று திரும்பியவனுக்கு ஒன்று. ஆக வினைநிலை ஆறு. சரியான விகுதியைத் தேடிப் பிடித்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் லஸ்ஸில் ஏறிய ட்ராம் மவுண்ட் ரோடு ரவுண்டாணாவுக்கு வந்துவிடும். பதில் மறுநாள் காலையில். அதனால் அந்த மொழியில் யாரும் யாரையும் அவசரப்பட்டுத் திட்ட முடியாது என்பதை மாஸ்டர் ஒரு சிறப்பாகவே கருதினார். தெருவில் அதற்கு மொந்தை பாஷை என்று பெயர்.

பிளவும் ட்ராமில்தான் நடந்தது. யுத்த காலத்து மத்தியானம் ஒன்றில், வெகுநேரம் காக்கவைத்து வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முன்ஷி ஆரம்பித்தார்.

"மாஸ்டர், நம்ம பாஷையில ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"இந்த ட்ராம் கீதே, இது வந்துச்சா? வரல. வந்து தொலைஞ்சுச்சு. அதுக்கு இன்னா விகுதி?"

"முடிந்த வினை. மூணாவது விகுதி."

"அது வேற மாஸ்டர். முடியறது வேற, முடிஞ்சு தொலையறது வேற. காலையில எழுந்திரிச்சேன்னு எவன் சொல்றான்? எழுந்து தொலைச்சேன்னு சொல்றான். இந்த ஊர்ல பாதி வேலை அப்படித்தான் நடக்குது. ஏழாவது ஒண்ணு வேணும்."

"சலிப்பு ஒரு வினைநிலை இல்லை முன்ஷி. அது வியாதி."

"அப்ப ஊரே ஆஸ்பத்திரி."

"சரி, அதுக்கு என்ன விகுதி வைப்பீங்க?"

"சலிச்சுப்போனவன் விகுதி தேடிக்கினு இருப்பானா? சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு ஒரு பெருமூச்சு. அவ்ளோதான்."

"பெருமூச்சை எந்த எழுத்தில் அச்சுக் கோக்கிறது?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். "பாரசீகக்காரர்களுக்கு எல்லாவற்றையும் பெருமூச்சிலேயே முடித்துப் பழக்கம்" என்றும் சொன்னார். முன்ஷி எழுந்து, தாம் இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே, ராயப்பேட்டை மணிக்கூண்டில் இறங்கிவிட்டார். மறுநாளிலிருந்து ஒரே ட்ராமில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்து போனார்கள். உலக சமாதானம் அந்த அளவில் நின்றது.

ஆனால் வீடுகள் இரண்டும் சண்டை போடவில்லை. முடியாது. முன்ஷி வீட்டிலிருந்து அவர் மனைவி நஸ்ருன்னிசா பக்ரீத் பிரியாணியைப் பித்தளைத் தூக்கில் அனுப்புவாள். வந்த தூக்கை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது இரண்டு குடும்பத்துக்கும் மரியாதை இல்லை. அதனால் மாஸ்டரின் மனைவி அல்போன்சா அதில் மீன் குழம்பு ஊற்றி அனுப்புவாள். அதை வெறுமையாக அனுப்பக்கூடாது என்று அங்கிருந்து ஊறுகாய் வரும். அரிசி ரேஷன் வந்த பிறகு உள்ளே இருப்பது குறைந்துகொண்டே போய், கடைசியில் நாலு முருங்கைக்காய், ஒரு பிடி கறிவேப்பிலை என்ற அளவுக்கு வந்துவிட்டது. தூக்கு மட்டும் நிற்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் மாஸ்டரின் மகள் ஐவி. பகல் முழுக்க ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, சாயங்காலம் தூக்கோடு கச்சேரி ரோட்டுக்கும், தூக்கோடு திரும்பச் சாந்தோமுக்கும் நடந்தாள். ஆறு வினைநிலைகளில் அவள் வாழ்க்கைக்குத் தேவைப்பட்டது தினமும் செய்வதற்கான ஒன்றுதான்.

யுத்தம் முடிந்தது. மாஸ்டருக்கு இளைப்பு முற்றியது. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முக்கியமான வேலை ஏதாவது பாக்கி இருந்தால் சீக்கிரம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். பாக்கி ஒன்றுதான்: மொந்தாலா இலக்கணம் அச்சாக வேண்டும். கையெழுத்துப் பிரதி பெட்டியில் தயாராக இருந்தது. அச்சாபீசும் தயார். பேப்பர் இல்லை. பேப்பர் கண்ட்ரோலில் இருந்தது. அதைப் பங்கிடும் கமிட்டியில் திவான் பகதூர் மாணிக்கவாசகம் இருந்தார். மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு அடையாறில் அவர் பங்களா வரைக்கும் போனார்.

திவான் பகதூர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். உலக மொழி என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளூர் மொழிகளில் எழுதுகிறவர்கள் அவரை ஏற்கெனவே நிரம்பத் தொந்தரவு செய்திருந்தார்கள்.

"நல்ல காரியம். ஆனா பேசுற பாஷைக்குத்தான் பேப்பர். செத்த பாஷைங்களுக்கு நிறையக் குடுத்தாச்சு" என்றார். "யாராவது ரெண்டு பேர் இதுல பேசி நான் காதால கேக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை லஸ் பக்கம் நம்ம கிளப்பு மண்டபத்துல வச்சுக்குங்க. நாலு பெரிய மனுஷாளும் வருவாங்க. உங்களோட பேசறதுக்கு ஆள் இருக்குல்ல?"

"இருக்கிறார்" என்றார் மாஸ்டர். அது மொந்தாலாவாக இருந்திருந்தால் எந்த விகுதி போட வேண்டும் என்பது அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தூக்கில் இரண்டு வாழைக்காயும் ஒரு சமாதானத் தூதும் போயின.

முன்ஷி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற கண்ணாடிக்குள் இரண்டு கண்களும் மீன் தொட்டியில் இருப்பதுபோல இருந்தன.

"பப்பா கேக்கச் சொன்னாங்க, மாமா" என்று ஐவி விஷயத்தைச் சொன்னாள்.

"ஓஹோ. இப்ப நான் வேணுமாக்கும். எழும்பூர் ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டிப் படுத்துக்கினு இருந்தேனே, அப்ப உங்க பப்பா எங்கே?"

ஐவி தூக்கை இறக்கி வைத்தாள். பப்பா எங்கே இருந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"பாவம்ங்க, அவருக்கு மூச்சே விட முடியலியாம்" என்று உள்ளேயிருந்து நஸ்ருன்னிசா குரல் கொடுத்தாள். "வருவாருன்னு சொல்லிடு புள்ளே."

"நீ சும்மா இரு! வரேன். ஆனா ஏழாவதையும் புஸ்தகத்துல போடணும். போடறேன்னு சொல்லச் சொல்லு."

தூக்கு திரும்பியது. அடிக்குறிப்பாகப் போடலாம் என்றார் மாஸ்டர். தூக்கு போயிற்று. அடிக்குறிப்பில் கிடக்க அது என்ன செருப்பா என்று கேட்டார் முன்ஷி. தூக்கு வந்தது. அனுபந்தமாக, கடைசிப் பக்கத்தில் என்றார் மாஸ்டர். தூக்கு போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஐவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பப்பா, என்னால இனிமே நடக்க முடியாது. அதில போடறதுக்கும் ஒண்ணுமில்ல. மம்மி இன்னிக்கு வெறும் உப்பு போட்டுக் குடுத்திருக்காங்க. போட்டுத் தொலைச்சுடுங்களேன் அந்த ஏழாவதை."

மாஸ்டர் மகளை வெகுநேரம் பார்த்தார். "உள்ளேயே போடறேன்னு சொல்லு. சின்ன எழுத்தில்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்தில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அது திவான் பகதூர் தலைக்கு மேல் இருந்தது. முன்வரிசையில் மயிலாப்பூர்ப் பெரியவர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மூன்றாம் வரிசையில் சாந்தோம் மாதா கோயில் பங்கிலிருந்து வந்திருந்த பெண்கள். அல்போன்சா கூட்டி வந்தவர்கள். காப்பி உண்டு என்று சொல்லியிருந்தாள். மேடையில் இரண்டு நாற்காலி எதிரெதிராக.

திவான் பகதூர் வினைச்சொல்லைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். முந்தின நாள் தற்செயலாகக் கேள்விப்பட்ட ஒரு விஷயத்தைப் பற்றி அவரால் எப்போதும் அரை மணி நேரம் பேச முடியும். பிறகு உட்கார்ந்து, "ஆரம்பிங்க. சாதாரணமா ரெண்டு பேரும் பார்த்தா என்ன பேசிப்பீங்களோ, அதைப் பேசுங்க" என்றார்.

சாதாரணமாகப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதைச் செய்து காட்ட முடியாது.

மாஸ்டர் ஒரு வாக்கியம் தயாராகக் கொண்டுவந்திருந்தார். சமாதானம் தொடங்கி, நடந்துகொண்டு, முடியாமல் நிற்பதைப் பற்றிய, நாலு விகுதிகள் உள்ள அழகான வாக்கியம். நிமிர்ந்தார். முன்ஷியின் கண்ணாடியை அப்போதுதான் அவர் பக்கத்தில் பார்த்தார். அதற்குள் அந்தக் கண்கள் பெரிதாக, ஈரமாக, யாரையோ தேடுவதுபோல் அலைந்தன. வாக்கியம் போய்விட்டது. விகுதிகளும் அதோடு போயின.

இலக்கணம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் மூன்று வருஷமாக யாரோடும் பேசாத மொழியில் வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. அத்தோடு, அவருக்கு அந்த நிமிஷம் சொல்லத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: தப்பு என்னுடையது. மொந்தாலாவில் உடன்படிக்கைக்குச் சொல் உண்டு, மத்தியஸ்தத்துக்கு உண்டு, ஸ்தானாபதிக்கு இரண்டு சொல் உண்டு. மன்னிப்புக்கு இல்லை. இத்தனை வருஷத்தில் இருவருக்குமே அதைச் செய்யத் தோன்றவில்லை.

மண்டபம் காத்திருந்தது. திவான் பகதூர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேப்பர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது மாஸ்டருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். வந்தது லத்தீன். வேறு எதுவும் இல்லை, பூசையின் ஆரம்பத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சொல்லும் மன்றாட்டு. எட்டு வயதில் மனப்பாடம் செய்தது. நிறுத்தவும் முடியவில்லை. முன்ஷியின் முகத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். குற்றம் என்னுடையது என்று மூன்று தரம் வரும் இடம் வந்தது.

மூன்றாம் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும், அல்போன்சா உள்பட, பூசையில் பழகியபடி, தங்களை அறியாமல் வலது கையால் மார்பில் மூன்று தரம் தட்டிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு முன்வரிசை திரும்பிப் பார்த்தது. திவான் பகதூர் எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்க! புரியாத பாஷை, நெஞ்சை எப்படித் தொடுது!" என்றார்.

இப்போது முன்ஷியின் முறை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆழ்ந்து யோசிப்பவர்போல் கூரையைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தொடங்கினார்.

"தெப்பகுலோமி," என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். "லஸ்ஸாரா." மறுபடி பெருமூச்சு. "ராயபெத்தோனா... மணிகுந்தாலா..." குரல் தழைந்தது. "மவுந்தரோதா. ரௌந்தானு. சென்ராலோமி." கடைசியில் விட்ட பெருமூச்சு பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"ரொம்பப் பரிச்சயமான சப்தமா இருக்கே ஓய்" என்று முன்வரிசையில் ஒரு பழைய வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். "எங்கேயோ தினம் கேட்டுண்டு இருந்தாப்ல இருக்கு. குந்தாலான்னாரே, கேட்டேளா? குந்தளம். சுத்த சமஸ்கிருதம். எல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதான்."

திவான் பகதூருக்கு அந்தப் பரிச்சயம்கூட ஏற்படவில்லை. அவர் பிறந்ததிலிருந்து ட்ராமில் ஏறியதில்லை.

மாஸ்டர் தலையை ஆட்டினார், புரிந்துகொண்டவர்போல. மீதி மன்றாட்டைச் சொன்னார். முன்ஷியும் தலையாட்டிவிட்டு, சென்ட்ரலிலிருந்து திரும்பி வரும் வழியைச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேப்பர் உண்டு என்று திவான் பகதூர் மேடையிலேயே அறிவித்தார். இலக்கணத்துக்கு முன்னுரையும் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. காப்பி முன்வரிசையோடு தீர்ந்துவிட்டது.

திரும்பும்போது ட்ராமில் கூட்டம். ஐவியும் அல்போன்சாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் இரண்டு பேருக்கான ஒரு பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. மாஸ்டர் உட்கார்ந்தார். முன்ஷி கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். கால் வலித்தது. உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்தது.

"இன்னா மாஸ்டர்," என்றார் முன்ஷி, தமிழில். "நீங்க சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரியல எனக்கு. மூணு வருஷத்துல பாஷையையே மாத்திட்டீங்களா?"

"மாத்தலை" என்றார் மாஸ்டர். "நீங்க சொன்னதும் எனக்குப் புரியலை. நீங்கதான் புதுசா நிறையச் சேர்த்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் எங்கே சேர்க்கிறது! மறந்து தொலைஞ்சுபோச்சு. எல்லாம் ட்ராம் நிக்கிற இடம்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பார்க்கறீங்க? அந்தப் பேருக்கு வாலு போட்டு ஒரு பெருமூச்சு வச்சா ஏழாவது நிலை. கணக்கு சரியா வந்துச்சா இல்லியா? நீங்க ஒத்துக்கினு இருந்தீங்கன்னா நீங்களும் கஷ்டப்பட்டிருக்க வேணாம்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. முன்ஷி அவர் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

"இந்த இருமலை எழும்பூர்ல கேட்டேன்" என்றார். "கண்ணுலதான் கட்டு. காதுல இல்லை. வராண்டா வரைக்கும் வந்தீங்க. அப்புறம் போயிட்டீங்க."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளே வந்தா என்ன பேசறதுன்னு தெரியலை" என்றார்.

"இன்னிக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்." முன்ஷி பெருமூச்சு விட்டார், அது இலக்கணத்துக்காக விட்டது அல்ல. "அது போகட்டும். அந்தப் பொம்பளைங்க ஏன் மாரில அடிச்சுக்கினாங்க?"

"வெயில்" என்றார் மாஸ்டர்.

குளத்தங்கரையில் வண்டி நின்றது. முன்ஷி எழுந்தார். இறங்குமுன் திரும்பி, "நாளைக்குத் தூக்கை அனுப்பி வைக்காதீங்க. நீங்களே எடுத்துக்கினு வாங்க. புள்ளைக்குக் கால் வலிக்குதாம்" என்றார்.

பேப்பர் வந்தது. மாஸ்டர் இருக்கும்போதே இலக்கணம் அச்சாகி முடிந்தது. ஏழாவது வினைநிலை ஒப்புக்கொண்டபடி உள்ளேயே, சின்ன எழுத்தில் இருக்கிறது. பெருமூச்சுக்கு ஒரு கோடு. மன்னிப்புக்குச் சொல் சேர்க்க மறந்துவிட்டார்கள். திவான் பகதூரின் முன்னுரை மட்டும் மூன்று பக்கம். இந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் தற்சமயம் இரண்டு பேர் என்று அதில் போட்டிருக்கிறது.

ஒருவரும் இல்லை.